போட்டிக்கு வந்த அண்ணி

ஓய்வு பெற்றவர்கள்தான் வழக்கமாக இப்படி அனுபவம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனால் பெங்களூரில் வீடு விற்கும் தொழிலில் ஏழு வருடம் என்பது நீண்ட காலம். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இன்று வேறு வேலையில் இருக்கிறார்கள். இந்த மாதம் நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கிறீர்கள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னால் பாதிதான் வெளியே வருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் செருப்பு. வார் மாட்டும் செருப்பு வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறேழு வீடு ஏறி இறங்குவோம். ஒவ்வொரு வாசலிலும் கழற்ற வேண்டும். நீங்கள் குனிந்து வாரோடு போராடிக்கொண்டிருக்கும்போது, வந்த கணவனும் மனைவியும் உள்ளே போய்விடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர்கள் வீட்டைப் பற்றி மனதில் பட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அது உங்கள் காதில் விழாமல் போய்விடும்.

அடுத்து விளம்பரம். 'பஸ் நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடை' என்று ஒருமுறை எழுதினேன். மறுநாள் ஒரு பெரியவர் ஃபோன் செய்து, "யாரோட நடைம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு, இரண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நடந்து பார்க்காமல் நான் நிமிடக் கணக்கு எழுதுவதில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டதற்கு வருகிறேன். 'பார்ட்டி முடிவு சொல்லாமல் இழுத்தால், இன்னொரு பார்ட்டியும் பார்க்கிறது என்று காட்டி அவசரப்படுத்தலாமா மேடம்?' என்று கேட்டீர்கள். நான் செய்திருக்கிறேன். என்ன ஆனது என்று சொல்கிறேன்.

நான் இங்கே சேர்ந்தது ஃபோன் எடுக்க. தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் பேசுவேன் என்பதற்காக வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பி.காம். முடித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் வீட்டுக்கு வந்த கரண்ட் பில்லைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லும் நிலை என்னோடுதான் முடிந்தது.

ஒரு வருடம் ஃபோன் எடுத்த பிறகு மேனேஜரிடம் போய், எனக்கும் வீடு விற்கக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு சாவியை மேசை மேல் வைத்தார்.

"ஒரு வீடு, ஒரு மாசம். விக்கலைன்னா திரும்பவும் ஃபோன். அப்புறம் இதைப் பத்தி எங்கிட்ட பேசக்கூடாது."

லிங்கராஜபுரத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடி. இரண்டு படுக்கையறை. வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற டீச்சர்; ஓசூரில் மகனோடு போய் இருந்தார். சாவி என்னிடமே இருந்தது. கிழக்கு பார்த்த சமையலறை ஜன்னல்தான் அந்த வீட்டின் அழகு. காலை பதினொரு மணிவரை வெயில் உள்ளேயே இருக்கும்.

மூன்று வாரத்தில் நிறையப் பேர் பார்த்தார்கள். திரும்பி வந்தது ஒரே குடும்பம். கலா அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கணவர் மஞ்சுநாத் லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஒரு மகன், ஹாஸ்டலில் படிக்கிறான். விவேக் நகரில் பதினான்கு வருடமாக வாடகைக்கு இருந்தவர்கள். மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் எல்லாக் குழாயையும் திறந்து மூடினார்கள். மூன்று முறையும் படி இறங்கும்போது மஞ்சுநாத் அதையே சொன்னார்.

"நோடோணம்மா. ஸ்வல்ப டைம் கொடு."

பார்ப்போம், கொஞ்சம் நேரம் கொடு என்று அர்த்தம். 'வேண்டாம்' என்றால் நாம் அடுத்த ஆளைத் தேடலாம். 'பார்ப்போம்' என்பவரை விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது.

அப்போது நம் அலுவலகத்தில் அதிகம் வீடு விற்றவர் ஒரு சீனியர். பெயர் வேண்டாம். அவரிடம் போய் நின்றேன்.

"இன்னொரு பார்ட்டியைக் காட்டு. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லு. கை நழுவிப் போயிடும்னு தெரிஞ்சாதான் மனுஷன் கையை நீட்டுவான்."

"இன்னொரு பார்ட்டி இல்லையே சார்."

"இல்லைன்னா உண்டாக்கு. உங்க வீட்ல ஆளுங்க இல்லையா?"

எங்கள் வீட்டில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அண்ணன் பெயின்டர். அண்ணி கார்மென்ட்ஸில் தைக்கிறார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணியிடம் சொன்னேன்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வீடு வாங்கறவங்க மாதிரி வரணும்."

"எங்க?"

"லிங்கராஜபுரம்."

"வாங்கிட்டு என்னிக்குக் குடி போறது?"

"வாங்க வேணாம் அண்ணி. பார்த்தா போதும்."

"பார்க்கறதுக்கு என்ன குடுப்ப?"

"பிரியாணி."

"எந்தக் கடைன்னு முதல்ல சொல்லு."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "நான் என்ன பேசணும்?" என்றார்.

"நீ ஒண்ணும் பேசக்கூடாது. சும்மா சுத்திப் பார்க்கணும்."

"அது உங்கண்ணனுக்குப் பழக்கம்தான்," என்றார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கே இருவரும் வந்துவிட்டார்கள். அண்ணி கல்யாணப் பட்டுப் புடவையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. வீடு பார்க்க யாரும் இப்படி வருவதில்லை என்று சொல்ல நேரமில்லை. அண்ணன் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனவர், பின்பக்க அறையில் நின்றுவிட்டார்.

"கவிதா, இந்தச் செவுத்துல ஓதம் இருக்கு. அந்தப் பக்கம் பைப் கசியுது போல. மேல பெயின்ட் அடிச்சு மூடியிருக்காங்க."

"நீ பேசக்கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"நீ கேட்டாலும் கேக்கலைன்னாலும் ஓதம் ஓதம்தான்."

"அண்ணா, ப்ளீஸ்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கலா அக்காவும் மஞ்சுநாத்தும் உள்ளே வந்தார்கள். அவர்கள் கண்ணில் முதலில் பட்டது அண்ணி. அண்ணி ஹால் ஜன்னல் முன்னால் நின்று, கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து நீட்டி, ஜன்னலை அளந்துகொண்டிருந்தார்.

நான் சொல்லிக் கொடுத்ததில் இது இல்லை. கார்மென்ட்ஸில் வேலை செய்பவர் கைப்பையில் டேப் இருப்பது சகஜம். ஆனால் திரைச்சீலைக்கு அளவெடுப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஹாலை முடித்துவிட்டு அண்ணி சமையலறைக்குப் போனார். கலா அக்கா பின்னாலேயே போனார். ஹாலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"வீடு பிடிச்சிருக்காம்மா?"

"பிடிச்சிருக்காவா? இங்க வந்து நில்லுங்கக்கா. வெயில் நேரா மூஞ்சில விழுது பாருங்க. எங்க அடுப்படில பகல்லயே லைட்டு போடணும்."

"எங்க இருக்கீங்க?"

"ஜோகுபாளையத்துல. ஒரே ரூம்பு. ஏழு பேரு. நான் புடவை மாத்தணும்னா ஆறு பேரையும் வெளிய அனுப்பணும். எங்க மாமனாரு தெருவுல நின்னுக்கிட்டு 'ஆச்சாம்மா, ஆச்சாம்மா'ன்னு சத்தம் போடுவாரு. நான் புடவை மாத்தறது தெருவுக்கே தெரியும்."

கலா அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இது கிடைச்சா உங்களுக்கு நல்லா இருக்கும்," என்றார்.

"ஆமாக்கா. இந்த ஜன்னலுக்கு மஞ்சள்ல துணி போட்டா எப்படி இருக்கும் சொல்லுங்க?"

ஹாலில் நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். சீனியர் சொன்னது அப்படியே நடக்கிறது என்று நினைத்தேன். பிரியாணி வாங்கிக் கொடுத்து இருவரையும் பஸ் ஏற்றிவிட்டேன். ஏறும் முன் அண்ணி கேட்டார்.

"அவங்க வாங்கிடுவாங்களா கவிதா?"

"கண்டிப்பா."

"நல்ல மனுஷங்க. வாங்கட்டும்," என்றார். அளவெடுத்த எண்களை உள்ளங்கையில் பேனாவால் குறித்து வைத்திருந்தார். அதை ஏன் குறித்தார் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை கலா அக்கா கூப்பிட்டார். ஃபோனை எடுக்கும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கவிதாம்மா, நாங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"ஏன்க்கா? விலையா?"

"விலை இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கே குடுத்துடு. ஜன்னல் அளவெல்லாம் எடுத்துட்டா, பாவம். நாங்க மூணு பேரு, பையனும் ஹாஸ்டல்ல இருக்கான். எங்க வீடு இடிஞ்சா விழுது? அவங்க ஏழு பேரு. டீச்சர்கிட்ட சொல்லி அவங்களுக்குக் கொஞ்சம் பார்த்துப் பண்ணு. நேத்து சாயங்காலம் பக்கத்து மாதா கோயிலுக்குப் போய் அவளுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்."

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. என் ஒரே பார்ட்டி, நான் உண்டாக்கிய பார்ட்டிக்கு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டது.

சீனியரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ மேசையெல்லாம் சிந்தியது.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பார்ட்டியை நான் பார்த்ததில்ல! சரி, அழாத. சாயங்காலம் ஃபோன் போடு. அவங்களுக்கு லோன் கிடைக்கலைன்னு சொல்லு. நாளைக்கே டோக்கன் அட்வான்ஸ் குடுத்துடுவாங்க."

சுலபமான வழிதான். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி, வருத்தம் தொனிக்க மாடிப்படியில் நின்று நான்கைந்து முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு ஃபோன் போட்டேன். கலா அக்கா எடுத்ததும் கேட்டார்.

"சொல்லும்மா, அவங்களுக்கு நல்லபடியா முடிஞ்சுதா?"

என்னால் சொல்ல முடியவில்லை. "சும்மாதான் கூப்பிட்டேன்க்கா," என்று வைத்துவிட்டேன்.

எனக்குப் பொய் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க பொய்தான் சொன்னேன். இந்தப் பொய் வேறு மாதிரி. இதைச் சொன்னால் கலா அக்கா அந்த வீட்டை வாங்குவார். வாங்கிய பிறகு தினமும் காலையில் அந்தச் சமையலறை ஜன்னலைத் திறப்பார். திறக்கும்போதெல்லாம், பட்டுப் புடவை கட்டி வந்து ஏமாந்துபோன ஒரு பெண்ணின் ஞாபகம் வரும். அப்படி ஒரு பெண் ஏமாறவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரு வீட்டை அப்படி விற்பது, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு விற்பதற்குச் சமம்.

உண்மையைச் சொன்னால் வீடு போகும். புகார் கொடுத்தால் ஃபோன் எடுக்கும் வேலையும் போகும். இரண்டும் தெரிந்தேதான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விவேக் நகருக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் மஞ்சுநாத். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், ஞாயித்துக்கிழமை வந்தவங்க வீடு வாங்க வரலை. அவங்க எங்க அண்ணன், அண்ணி. உங்களை அவசரப்படுத்த நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அவருக்குப் புரிய சில நொடி ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"ஏனம்மா இது? நாடகவா? நாங்க என்ன பைத்தியக்காரங்களா? இவ அந்தப் பொண்ணுக்காக ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல, தெரியுமா உனக்கு?"

"தப்புதான் சார்."

"தப்புன்னு ஈஸியா சொல்லிட்ட!"

பக்கத்தில் நின்ற கலா அக்கா உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தார்.

"குடி. குடிச்சிட்டு எனக்கு ஒண்ணு சொல்லு. அந்தப் பொண்ணு சொன்னதுல எதெல்லாம் பொய்?"

யோசித்துப் பார்த்தேன். "வாங்க வந்தோம்ங்கறது மட்டும்தான்க்கா. மத்ததெல்லாம் நிஜம்."

"ஏழு பேரும்?"

"ஏழாவது ஆள் நான்தான்க்கா."

கலா அக்கா என்னையே பார்த்தார். "அப்போ அவ புடவை மாத்தறப்போ தெருவுல நிக்கறதுல நீயும் உண்டா?"

"உண்டுக்கா. மழைன்னா குடையோட."

முதலில் சிரித்தது கலா அக்கா. மஞ்சுநாத் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வந்ததற்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. "இன்னொண்ணு இருக்கு சார். பின்னாடி ரூம் செவுத்துல ஓதம் இருக்கு. எங்கண்ணன் பெயின்டர். தட்டிப் பார்த்துச் சொன்னாரு. நான்தான் வாயை மூடச் சொன்னேன்."

மஞ்சுநாத்தின் சிரிப்பு நின்றது. மெக்கானிக் முகம் வந்துவிட்டது.

"தட்டினாலே தெரியுமா அவருக்கு?"

"தெரியும் சார்."

"நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வா. இந்தத் தடவை பேசச் சொல்லு."

கிளம்பும் முன் நான் ஒன்று கேட்டேன். மூன்று முறை வந்தும் ஏன் முடிவு சொல்லவில்லை என்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மஞ்சுநாத் மனைவியைப் பார்த்தார். கலா அக்காதான் சொன்னார்.

"எங்களுக்கு வாடகை வீடு பார்க்கத் தெரியும்மா. குழாயில தண்ணி வருதா, ஓனர் கோவக்காரரா, இதெல்லாம் தெரியும். வாங்கறது எப்படின்னு தெரியாது. எங்க ரெண்டு பேர் பக்கத்துலயும் யாரும் வீடு வாங்கினதில்ல. பிடிச்சிருக்குன்னு சொன்னா அடுத்து என்ன கேப்பீங்க, எந்தப் பேப்பர்ல கையெழுத்து, ஒண்ணும் புரியலை. உங்கிட்ட கேட்கவும் வெட்கமா இருந்துச்சு. நீ சின்னப் பொண்ணு, படபடன்னு இங்கிலீஷ் பேசற."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த வெட்கம் எனக்குத் தெரியாததா? கல்லூரியில் சேர்ந்த அன்று எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, தப்பான வரிசையில் மதியம்வரை நின்றவள் நான். 'நோடோண' என்று மஞ்சுநாத் மூன்று முறை சொன்னபோதும் அவர் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் அதைப் பேராசை என்று நினைத்தேன், கஞ்சத்தனம் என்று நினைத்தேன், இன்னும் எதையெதையோ நினைத்தேன். கேட்க மட்டும் இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவர்கள் மகனின் பழைய நோட்டில், முதலில் என்ன, அதற்குப் பிறகு என்ன, எந்தப் பத்திரத்தை யாரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும், எந்த இடத்தில் 'வேண்டாம்' என்று பின்வாங்கலாம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். தமிழில் ஒரு பக்கம், கன்னடத்தில் ஒரு பக்கம். இன்றும் புதிய பார்ட்டிக்கு வீட்டைக் காட்டும் முன் அந்த இரண்டு பக்கத்தைத்தான் கொடுக்கிறேன். உங்கள் மேசையிலும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை அண்ணன் வந்தார். ஒரு வருடத்தில் வீட்டில் பேசியதைவிட அந்த அரை மணியில் மஞ்சுநாத்திடம் அதிகம் பேசினார். இருவரும் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். ஓசூர் டீச்சரிடம் நானே ஃபோனில் சொன்னேன். பைப்பை மாற்றித் தர அவர் ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை டோக்கன் கொடுத்தார்கள்.

மேனேஜரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"இதை நீ ஞாயித்துக்கிழமையே எங்கிட்ட சொல்லியிருந்தா, ஃபோன்லகூட உட்கார விட்டிருக்க மாட்டேன்," என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து அடுத்த வீட்டின் சாவியை என் பக்கம் தள்ளினார்.

உண்மை சொன்னால் எப்போதும் இப்படி நல்லதாக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஓதம் இருக்கிறது என்று சொன்னதால் இரண்டு வீடுகள் என் கையைவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் இந்தத் தொழிலில் விளம்பரம் என்பது நாம் போடும் படங்கள் மட்டும் அல்ல. அதை நான் தெரிந்துகொண்டது கலா அக்கா வீட்டுப் பால் காய்ச்சும் விழாவில்.

எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். சமையலறை ஜன்னலில் மஞ்சள் திரைச்சீலை தொங்கியது. அன்று உள்ளங்கையில் குறித்த அளவை வைத்து அண்ணி தானே தைத்து, அன்பளிப்பாகக் கொடுத்தது. கலா அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார்.

"இவங்கதான் இந்த வீட்டுக்கு எங்ககூடப் போட்டிக்கு வந்தவங்க."

அண்ணி எல்லோரிடமும், "நாங்கதான் விட்டுக்குடுத்தோம்," என்று பெரிய மனதோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஓர் ஓரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் கேசரித் தட்டோடு ஓர் அம்மாள் என்னை நோக்கி நேராக வந்தார். மஞ்சுநாத்தின் அத்தையாம். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பொய்ப் பார்ட்டி கூட்டிட்டு வந்த பொண்ணு நீதானா?"

"ஆமாங்க," என்றேன்.

அவர் தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார்.

"பானஸ்வாடில எனக்கு ஒரு வீடு இருக்கு. விக்கணும். எப்ப வர்ற?"